சரக்கைக் காட்டும் கலை

ஆள் பாதி, ஆடை பாதி என்பது பழமொழி. அந்த ஆடையை வாங்குவோர் கண்ணில் எப்படிப் படவைப்பது என்பதில்தான் ஜவுளி வியாபாரிகளாகிய நம் பிழைப்பே இருக்கிறது. இந்தக் கலையை நம் நாட்டில் தொழிலாகவே செய்து காட்டியவர்களில் ஒருவர் ஜிதேந்திர ஆர்யா (1931–2011).

நைரோபியில் பிறந்த இவர், இளம் வயதில் லண்டனில் படப்பிடிப்புத் தொழில் செய்தார். 1960 வாக்கில் பம்பாய் வந்து, டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் இதழ்களுக்குப் படம் எடுத்தார். 1952-இல் தொடங்கிய ‘பிலிம்ஃபேர்’, 1959-இல் தொடங்கிய ‘ஃபெமினா’ ஆகிய இதழ்களின் அட்டைகளை இவர் எடுத்த படங்கள் அலங்கரித்தன. 2017-இல் மும்பை தேசிய நவீன கலைக்கூடத்தில் இவருடைய படங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

மடித்து அடுக்கிய சேலை வேறு. உடுத்திய சேலை வேறு. கொசுவம் எப்படி விழுகிறது, கரை தோளில் எப்படி நிற்கிறது என்பதை அட்டைப்படம் ஒரே பார்வையில் சொல்லிவிடும். அக்காலத்தில் வண்ணப் பிலிம் வெளிநாட்டுச் சரக்கு. சதுரப்படக் கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படங்கள்தான். ஆகவே வெளிச்சம், நிற்கும் விதம், முகபாவம் எல்லாவற்றையும் தீர்மானித்த பிறகே பொத்தானை அழுத்துவார்கள்.

இதற்குப் பெரிய முதலீடு வேண்டுமோ என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கப் படக்கலைஞர் இர்விங் பென், 1950-இல் பாரிஸ் நகரின் விலையுயர்ந்த உடைகளைப் படமெடுத்தது, மாடி அறையில் விழுந்த பகல் வெளிச்சத்தில்தான். பின்னணி ஒரு பழைய நாடகத் திரை. அதே அறைக்குச் சிறு தொழில் செய்பவர்களையும் அழைத்து, அதே மரியாதையுடன் அவர்களையும் படமெடுத்தார்.

இன்று அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்து வாடிக்கையாளர், கடைப்படி ஏறுமுன் செல்போனில் சேலையைப் பார்த்துவிடுகிறார். படத்தில் மாம்பழ மஞ்சள், கையில் எலுமிச்சை மஞ்சள் என்றால் சரக்கு திரும்பி வரும். வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

எனவே நாம் கவனிக்க வேண்டியவை சிலவே. காலை வேளையில், நேர்வெயில் படாத வாசல் வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும். டியூப்லைட் நிறத்தை மாற்றும். ஃபிளாஷ் அடித்தால் ஜரிகை வெளுத்துப் போகும். பின்னால் வெற்றுச் சுவர் போதும். உடுத்திய படம் ஒன்று, முந்தானை ஒன்று, கரை ஒன்று என மூன்று எடுக்கலாம். பிறகு, சேலையைப் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்தே அனுப்ப வேண்டும். நிறத்தைக் கூட்டிக் காட்டும் வசதி செல்போனில் உண்டு. அதைத் தொடாதிருப்பது நல்லது.

அளவுகோலில் நாம் காட்டும் நாணயத்தைப் படத்திலும் காட்டுவோம். நம் கடைப் பெயர் நிலைப்பது அதனால்தான்.