கூரைக்கேற்ற தக்காளிச் செடி

பொலித்தீன் கூடாரம் அமைக்க எவ்வளவு செலவாகும் என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். "எந்தச் செடிக்காக?" என்று நான் திருப்பிக் கேட்டால், "தக்காளிக்குத்தான்" என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. அந்தத் தக்காளி எப்படி வளரும் இனம் என்பதைப் பொறுத்தே போட்ட முதல் திரும்பி வரும். வெட்டவெளியில் உயரத்துக்குச் செலவில்லை. கூரைக்குக் கீழே ஒவ்வோர் அடிக்கும் நாம் காசு கொடுத்திருக்கிறோம்.

தக்காளி இயல்பில் கொடி போன்றது. மூன்று இலை, ஒரு பூங்கொத்து, மீண்டும் மூன்று இலை, ஒரு பூங்கொத்து என்று ஓயாமல் ஏறிக்கொண்டே போகும். 1914இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மாறுபட்ட செடியொன்று கண்டெடுக்கப்பட்டது. பூங்கொத்துகளுக்கு இடையில் இலைகள் குறைந்துகொண்டே வந்து, ஓரளவு உயரத்தில் வளர்ச்சியே நின்றுவிட்டது. யாரும் உருவாக்கியதல்ல, தானாக நேர்ந்த பரம்பரை மாற்றம். பழங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பழுப்பதால், பிற்காலத்தில் இயந்திர அறுவடைக்கு இந்தக் குணமே கைகொடுத்தது.

அப்படியானால் கூடாரத்துக்கும் குட்டை இனம்தானே நல்லது என்பார்கள். அவசரப்பட வேண்டாம். உயரமான கூடாரத்தில் செடியை நூலில் ஏற்றி, அடியிலைகளைக் கழித்து, தண்டை இறக்கி இறக்கி வளர்க்கும்போது, ஏறும் இனமே மாதக்கணக்கில் பழம் தரும். நெதர்லாந்தின் கண்ணாடி இல்லங்களில் ஒரு பருவத்தில் தண்டு 10 மீற்றரையும் தாண்டுகிறது. பக்க முளை கிள்ளும் கூலி தொடர்ந்து போகும். அதையும் கணக்கில் எழுத வேண்டும். அங்கே குட்டை இனத்தை நட்டால் மேலே உள்ள வெற்றிடத்துக்கும் சேர்த்துக் காசு போட்டவராவீர்கள்.

அறைக்குள் மின்விளக்கின் கீழ் தட்டுத் தட்டாக வளர்ப்பவருக்குக் கணக்கு தலைகீழ். அவருக்குக் குட்டைச் செடி வேண்டும், ஆனால் குட்டை மட்டும் போதாது. 'மைக்ரோ டொம்' என்ற இனம் ஒரு சாண் உயரமே வளரும். பழமும் அதற்கேற்பச் சிறியது. அழகுச் செடியாக உருவாக்கப்பட்ட அது ஆய்வுகூடங்களுக்குத்தான் பெரிதும் பயன்பட்டது. 2019இல் நியூயோர்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹாபர் ஆய்வகத்தார் வேறு வழியில் போனார்கள். மூன்று பரம்பரையலகுகளைத் திருத்தி, தண்டைக் குறுக்கி, பூக்கும் காலத்தையும் முன்கொண்டு வந்து, 40 நாட்களுக்குள் பழுக்கும் கொத்துச் செடியைக் காட்டினார்கள். தட்டு வளர்ப்புக்கு உயரத்தைவிட இந்த விரைவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. மின் கட்டணம் நாளுக்கு நாள் ஏறுவதல்லவா!

கணுக்கள் மிக நெருங்கினாலும் தொல்லைதான். இலை இலையோடு ஒட்டி, காற்றோட்டம் குறைந்து, ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே விதை வாங்கும்போது விளைச்சலை மட்டும் கேளாமல், ஏறும் இனமா நிற்கும் இனமா, கணுவிடை எவ்வளவு, முதல் பூங்கொத்து எத்தனையாவது இலைக்குப் பின் வரும் என்றும் கேளுங்கள். நாற்று மெலிந்து நெடுநெடுவென நீண்டால் உடனே விதைக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். வெளிச்சம் குறைந்தால் நல்ல குட்டை இனமும் அப்படித்தான் நீளும்.