கொடுக்கும் வழிகள் பல

கொடை என்றவுடன், அது செல்வந்தர்கள் மட்டுமே செய்யும் செயல் எனப் பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. பணம், நேரம், உழைப்பு, அறிவு, இரத்தம் ஆகிய அனைத்தையும் கொடையாக வழங்கலாம். தனிமனிதர் கொடுப்பது ஒருவரின் அன்றையத் தேவையைத் தீர்க்கும். சமூகமே சேர்ந்து கொடுப்பது பல தலைமுறைகளுக்குப் பயன்படும்.

‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் நிலைபெற வேண்டும் எனத் தமிழர்கள் விரும்பினர். அதற்காகத் ‘தமிழ் முரசு’ நாளிதழை நிறுவிய கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ எனும் நிதித் திட்டத்தை முன்னெடுத்தார். ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்பதே வேண்டுகோள். தோட்டத் தொழிலாளர்களும் தங்கள் குறைந்த வருமானத்திலிருந்து கொடுத்தனர். அந்நிதி பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமையத் துணைபுரிந்தது. ஒரு வெள்ளி கொடுத்தவருக்கும் அந்நூலகத்தில் பங்கு உண்டு என்ற உணர்வே அத்திட்டத்தின் பெருவெற்றி.

நேரமும் அறிவும் பணத்திற்குக் குறைந்தவை அல்ல. 2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைத் தடை செய்தது. அதன்பின் சிலாங்கூர் மாநிலத்தின் ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் வெளிநாட்டுக் கழிவுகள் குவிந்தன. சட்டவிரோதத் தொழிற்சாலைகள் அவற்றை எரித்ததால் காற்று மாசடைந்தது. அங்கு வாழும் மக்கள் சிலர் ஒன்றுகூடி, அத்தொழிற்சாலைகள் இருக்கும் இடங்களைக் கண்டறிந்து, ஆதாரங்களுடன் புகார் செய்தனர். அதிகாரிகளும் நடவடிக்கை எடுத்துப் பல தொழிற்சாலைகளை மூடினர். அம்மக்கள் கொடுத்தது தங்கள் ஓய்வு நேரத்தையே.

இரத்த தானம் மற்றொரு வழியாகும். மலேசியாவில் 17 வயது நிரம்பியவர் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன் இரத்த தானம் செய்யலாம். உடல் எடை குறைந்தது 45 கிலோகிராம் இருத்தல் வேண்டும்.

நிலையான உதவிக்கு அறவாரியங்கள் துணைபுரிகின்றன. பலரின் நன்கொடையை ஒரே நிதியாகத் திரட்டி, முதலைக் காத்து, அதன் வருவாயை மட்டும் செலவிடுவது ஒரு முறையாகும். எடுத்துக்காட்டாக, 10,000 ரிங்கிட் ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈட்டினால், ஒவ்வோர் ஆண்டும் 500 ரிங்கிட் ஓர் ஏழை மாணவருக்கு உதவும். முதலும் குறையாது, உதவியும் நிற்காது.

எனினும், ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்பது முன்னோர் அறிவுரை. நிதி கேட்கும் அமைப்பு முறையாகப் பதிவு பெற்றதா, ரசீது வழங்குகிறதா, ஆண்டுக் கணக்கை வெளியிடுகிறதா என ஆராய வேண்டும். பொது இடங்களிலும் வீடுவீடாகவும் நிதி திரட்டுவதற்கு உரிமம் தேவை. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பிற்கு வழங்கும் நன்கொடைக்குச் சட்டம் விதிக்கும் வரம்பிற்குள் வரிக்கழிவும் கிடைக்கும். அதற்கு ரசீதைப் பாதுகாத்து வைத்தல் அவசியம். இவ்வாறு கேட்பது கொடுப்பவரின் கஞ்சத்தனம் அன்று. பெறவேண்டியவரிடம் உதவி சென்று சேர வேண்டும் என்ற அக்கறையே ஆகும்.

மாணவர்களும் இன்றே தொடங்கலாம். இளைய மாணவருக்கு வாரம் ஒரு மணி நேரம் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் கொடையே.