அமெரிக்க மருத்துவக் காப்பீடு: யார் பணம் கட்டுவது, யாரிடம் முறையிடுவது

நாட்டில் வாழும் எல்லோருடைய மருத்துவச் செலவையும் ஒரே பொது நிதி ஏற்றுக்கொள்வதற்கு ‘சிங்கிள் பேயர்’ என்று பெயர். ஒற்றைக் காப்பீட்டு முறை எனலாம். மருத்துவமனைகள் அரசுடையதாக இருக்க வேண்டும் என்பது இதில் கட்டாயமல்ல. கனடாவில் மருத்துவர்கள் பெரும்பாலும் தனித்தே தொழில் செய்கிறார்கள். பில் மட்டும் மாகாண அரசுக்குப் போகிறது. மருத்துவமனைகளையும் அரசே நடத்தும் பிரிட்டனின் முறை வேறு. பல காப்பீட்டு நிதிகளைச் சட்டத்தால் கட்டுப்படுத்தும் ஜெர்மனியின் முறை வேறு. அமெரிக்க அரசியல் மேடையில் இவை எல்லாமே ‘சோஷலிச மருத்துவம்’ என்ற ஒரே வசைக்குள் அடங்கிவிடுவதால், அங்கே விவாதம் பாதி நேரம் தடம் மாறிப்போகிறது.

அமெரிக்காவில் காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டதை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. காப்பீடு போன்ற சலுகைகளுக்கு அந்தத் தடை இல்லை என்பதால், ஆள் கிடைக்காமல் திண்டாடிய நிறுவனங்கள் அவற்றைக் காட்டி ஆட்களை இழுத்தன. முதலாளி கட்டும் பிரீமியத்துக்கு 1954 வரிச்சட்டம் வரிவிலக்கை உறுதிசெய்ததும் அந்தப் பழக்கம் வேரூன்றிவிட்டது. 1945 நவம்பரில் அதிபர் ஹாரி ட்ரூமன் தேசியக் காப்பீட்டை முன்மொழிந்தார். அமெரிக்க மருத்துவர் சங்கம் முழுமூச்சாக எதிர்த்தது, திட்டம் நிறைவேறவில்லை. 1965-இல் லிண்டன் ஜான்சன் முதியோருக்கு மெடிகேரையும் ஏழைகளுக்கு மெடிகெய்டையும் கொண்டுவந்தார். 2010-இல் பராக் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் தனியார் காப்பீட்டை அப்படியே இருக்கவிட்டு, அதற்குக் கடிவாளம் மட்டும் போட்டது. ஒவ்வொரு முறையும் முழுச் சீர்திருத்தம் தோற்ற இடத்தில் ஒரு துண்டுச் சீர்திருத்தம் முளைத்தது. அதனால் இன்று ஒரே நோய் கண்ட இருவருக்கு ஒரே உரிமை இருப்பதில்லை. காப்பீடு எங்கிருந்து வந்தது என்பதே உரிமையைத் தீர்மானிக்கிறது.

ஒற்றைக் காப்பீட்டை ஆதரிப்போரின் முதல் வாதம் செலவு. 2023-இல் அமெரிக்கா மருத்துவத்துக்குச் செலவிட்டது சுமார் 4.9 லட்சம் கோடி டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம். அப்படியும் ஏறத்தாழ 2.6 கோடிப் பேருக்குக் காப்பீடு இல்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் பல நிறுவனங்களோடு, பல விலைகளில், பல விதிகளின்படி கணக்குத் தீர்க்க வேண்டியிருப்பதால் எழுத்து வேலைக்கே பெரும்பணம் கரைகிறது. 2017-இல் பெர்னி சாண்டர்ஸ் செனட்டில் கொண்டுவந்த ‘எல்லோருக்கும் மெடிகேர்’ மசோதா, பிரீமியத்தையும், காப்பீடு பணம் தருமுன் நோயாளியே கட்ட வேண்டிய டிடக்டிபிளையும் நீக்கி, அரசு தரும் அதே பலன்களைத் தனியார் விற்பதைத் தடுக்க முனைந்தது. எதிர்ப்போரின் வாதங்களையும் ஒதுக்கிவிட முடியாது. வேலை வழியாகக் காப்பீடு பெறும் 15 கோடிக்கும் மேற்பட்டோர் இருப்பதை விட்டுவிட்டு அரசுத் திட்டத்துக்கு மாற வேண்டியிருக்கும். தனியார் காப்பீட்டைவிட மெடிகேர் மருத்துவமனைகளுக்குக் குறைவாகவே கொடுக்கிறது; எல்லோருக்கும் அதே விலை என்றால் பல மருத்துவமனைகள் தாக்குப்பிடிக்காது என்ற அச்சம் உண்டு. கனடாவில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாட்களும் மேடைதோறும் பேசப்படுகின்றன.

இந்த வாதங்கள் நடைமுறையில் மோதிய இடம் வெர்மாண்ட். அந்தச் சிறிய மாநிலம் 2011-இல் ஒற்றைக் காப்பீட்டுக்குச் சட்டமே இயற்றியது. நிதிக்கணக்கு வந்தபோது, நிறுவனங்கள் சம்பளத் தொகையில் 11.5 சதவீதமும், தனிநபர்கள் வருமானத்தில் அதிகபட்சம் 9.5 சதவீதமும் புதிதாக வரி கட்ட வேண்டும் என்று தெரிந்தது. சட்டத்தை முன்னின்று கொண்டுவந்த ஆளுநர் பீட்டர் ஷம்லினே 2014 டிசம்பரில் அதைக் கைவிட்டார். வரி கண்ணுக்குத் தெரிகிறது, பிரீமியம் தெரிவதில்லை. 2024-இல் வேலை வழிக் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டுப் பிரீமியம் 25,572 டாலர். தொழிலாளியின் சம்பளச் சீட்டில் தெரிவது அதில் ஏறக்குறைய கால் பங்கு. மீதியை முதலாளி கட்டுகிறார் என்று கணக்குப் புத்தகம் சொல்கிறது. அது கைக்கு வராமல் போன சம்பளமே என்பது பெரும்பாலான பொருளியலாளர் கருத்து. ஒற்றைக் காப்பீட்டு முறை வந்தால் அரசின் செலவு பெருமளவு உயரும், ஆனால் நாட்டின் மொத்த மருத்துவச் செலவு வடிவமைப்பைப் பொறுத்துக் குறையவும் கூடும், சற்றே ஏறவும் கூடும் என்று நாடாளுமன்ற நிதி அலுவலகம் 2020-இல் கணித்தது. இந்த இரண்டு தொகைகளையும் போட்டுக் குழப்பாத தேர்தல் பேச்சு அரிது.

அரசியல் எப்போது தீரும் என்று நோயாளி காத்திருக்க முடியாது. 2010 சட்டப்படி, ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று காரணம் காட்டி ஒருவருக்குக் காப்பீடு மறுக்கவோ கூடுதல் பிரீமியம் கேட்கவோ முடியாது. அத்தியாவசியச் சிகிச்சைகளுக்கு ஆயுட்கால உச்சவரம்பும் வைக்க முடியாது. பிள்ளைகள் 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டில் தொடரலாம். அவசர சிகிச்சைக்கு 1986-இலிருந்தே தனிச் சட்டம் உண்டு: மெடிகேரில் சேர்ந்துள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வருபவரிடம் பணமோ காப்பீடோ இல்லாவிட்டாலும் பரிசோதித்து, உடல்நிலையைச் சீராக்க வேண்டும். சிகிச்சை இலவசம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பில் பின்னாலேயே வரும். காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்யாத, அதாவது அதன் நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவர் அவசர சிகிச்சைக்குப் பிறகு தனியாக ஒரு பெரிய பில் நீட்டுவதை 2022 ஜனவரி 1 முதல் இன்னொரு சட்டம் தடுக்கிறது. வான்வழி ஆம்புலன்ஸ் அதில் அடக்கம். சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் அடங்காது. அதிகம் பேர் பயன்படுத்துவது விடுபட்டது விசித்திரம்தான்.

கிளைம் மறுக்கப்பட்டால் அதுவே முடிவு என்று பலர் நம்பிவிடுகிறார்கள். தனிநபர்கள் காப்பீடு வாங்க 2010 சட்டப்படி மத்திய அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் விற்ற திட்டங்கள் 2023-இல் நெட்வொர்க்குக்கு உட்பட்ட கிளைம்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றை மறுத்தன. மறுக்கப்பட்டவற்றில் ஒரு சதவீதம்கூட மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. போனவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் நிறுவனங்கள் தம் முடிவை மாற்றிக்கொண்டன. மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் நிறுவனத்திடமே முறையிடலாம். இன்னும் நடக்காத சிகிச்சை என்றால் 30 நாட்களிலும், முடிந்துவிட்டதென்றால் 60 நாட்களிலும், அவசரமென்றால் 72 மணி நேரத்திலும் பதில் வர வேண்டும். சிகிச்சை தேவையா என்பதில்தான் தகராறு என்றால், அடுத்து நான்கு மாதங்களுக்குள் வெளி மறுஆய்வு கேட்கலாம். நிறுவனத்தோடு தொடர்பில்லாத மருத்துவ ஆய்வாளரின் அந்த முடிவுக்கு நிறுவனம் கட்டுப்பட்டாக வேண்டும். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குவதும், அந்தக் காரணத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் கடிதத்தை மருத்துவரிடம் பெறுவதும் முறையீட்டின் உயிர்.

எந்த அலுவலகத்தை அணுகுவது என்பதில்தான் பழைய துண்டுதுண்டான வரலாறு திரும்பக் குறுக்கிடுகிறது. தனியாக வாங்கிய காப்பீட்டுக்கு மாநிலக் காப்பீட்டுத் துறை. வேலை வழியாக வந்ததென்றால், நிறுவனம் தானே பணம் போட்டு நடத்தும் திட்டமா என்று மனிதவளப் பிரிவில் முதலில் கேட்டறிய வேண்டும். வேலை வழிக் காப்பீட்டில் உள்ளோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்படிப்பட்ட திட்டத்திலேயே இருக்கிறார்கள். அட்டையில் பிரபலக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருந்தாலும், 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு மாநிலக் காப்பீட்டு விதிகள் செல்லாது. புகார் மத்தியத் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும்.

வேலை போனால், பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த நிறுவனமென்றால், பழைய காப்பீட்டை 18 மாதங்கள்வரை தொடரலாம். முதலாளியின் பங்கையும் சேர்த்து, நிர்வாகச் செலவுக்கு இரண்டு சதவீதம் கூட்டி, முழுத்தொகையையும் கட்ட வேண்டும். 60 நாட்களுக்குள் அரசுச் சந்தையில் புதிய திட்டத்தில் சேர்வது பலருக்கு மலிவு. அந்த நேரத்தில் குறைந்த விலை காட்டி வரும் குறுகியகாலத் திட்டங்களிடமும், உறுப்பினர்கள் செலவைப் பகிர்ந்துகொள்வதாகச் சொல்லும் சமய அமைப்புகளிடமும் கவனம் தேவை. 2010 சட்டத்தின் பாதுகாப்புகள் இவற்றுக்குப் பொருந்தா. பழைய நோய்களை அவை தாராளமாக ஒதுக்கலாம். பில் கட்டவே முடியாத நிலையில், லாப நோக்கற்ற மருத்துவமனை நிதியுதவிக் கொள்கை ஒன்றை எழுத்தில் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். சிகிச்சைக்குப் பின் வரும் முதல் பில்லிலிருந்து 240 நாட்கள்வரை விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். கேட்காதவருக்கு அது பெரும்பாலும் தெரியாமலே போகலாம்.

சந்தைத் திட்டங்களின் பிரீமியத்துக்கு 2021-இல் உயர்த்தப்பட்ட அரசு மானியம் 2025 முடிவோடு தீரவிருந்ததே, அந்த ஆண்டு அக்டோபரில் தொடங்கி 43 நாட்கள் நீண்ட அரசு முடக்கத்துக்குக் காரணமானது. 2025 ஜூலையில் வந்த சட்டம் 2027 முதல் பிரீமிய மானியத்தைப் பெரும்பாலும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு பெற்றவர்களுக்கும் மட்டுமாகச் சுருக்குகிறது. எச்-1பி விசாவில் இருக்கும் தமிழர்கள் வேலை மாறும் இடைவெளியில் சந்தையில் திட்டம் வாங்கினால் அப்போது முழுவிலையையும் கட்ட நேரும். பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோருக்கு எடுக்கப்படும் வருகையாளர் காப்பீட்டுக்கும் 2010 சட்டம் பொருந்தாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவை அதில் பெரும்பாலும் விலக்கப்படும். ஏற்கெனவே உள்ள நோய் திடீரென முற்றினால் மட்டும், அதுவும் வயதையொட்டிய ஒரு வரம்புவரை, சில திட்டங்கள் பணம் தருகின்றன. அந்தப் பெற்றோர் கிரீன் கார்டு பெற்று வந்தால் சந்தையில் முறையான திட்டத்தில் சேரலாம். 65 வயதை எட்டி, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருந்தால், பிரீமியம் கட்டி மெடிகேரிலேயே சேரலாம்.