பழைய சூப்ராவுக்குப் புது ஃப்யூல் பம்ப்: எதுக்கு, எப்போ, எப்படி?

போன எபிசோட்ல டர்போ எப்படி வேலை செய்யுதுன்னு பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல அடிக்கடி வந்தது இதுதான்: "முப்பது வருஷப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினா முதல்ல எதைப் பார்க்கணும்?" டயர், பிரேக், டைமிங் பெல்ட்னு எல்லாரும் சொல்லுவாங்க. சரிதான். ஆனா என் லிஸ்ட்ல அதுங்களுக்குச் சமமா இன்னொண்ணு இருக்கு. டேங்குக்குள்ள பெட்ரோல்ல முங்கிக் கிடக்கிற, யார் கண்ணுக்கும் படாத ஃப்யூல் பம்ப்.

உதாரணத்துக்கு டொயோட்டா சூப்ரா ஏ80-ஐ எடுத்துக்குவோம். 1993-ல வந்தது, 2002-ல உற்பத்தி நின்னுது. 2001-ல வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் த ஃப்யூரியஸ்' படத்தோட ஆரஞ்சு கலர் கார்னு சொன்னா உங்களுக்கு டக்குனு புரியும். அதோட டர்போ மாடல்ல 3 லிட்டர், 6 சிலிண்டர், 2 டர்போ. ஜப்பான் மாடலுக்கு டொயோட்டா அறிவிச்ச பவர் 280 பிஎஸ்.

ஓரமா நிக்கும்போது தெரியாது

இந்த இன்ஜின் சும்மா ஐடில்ல ஓடும்போது மணிக்கு ஒண்ணு ரெண்டு லிட்டர் பெட்ரோல்தான் குடிக்கும். அதையே முழு பவர்ல மிதிச்சா, மணிக்குச் சுமார் 100 லிட்டர் வேகத்துல பெட்ரோல் போகணும். கிட்டத்தட்ட ஐம்பது மடங்குக்கும் மேல. அந்த வேகத்துல நாம ஓட்டுறது சில நொடிகள்தான். ஆனா அந்தச் சில நொடியிலும் பெட்ரோல் குறையவே கூடாது.

இதுல என்ன சிக்கல்னா, பாதித் தெம்பு போன பம்ப்கூட ஐடிலுக்கும் டிராஃபிக்குக்கும் தாராளமா போதும். கார் ஸ்டார்ட் ஆகும், ஸ்மூத்தா ஓடும், விக்கிறவரும் "சூப்பர் கண்டிஷன் சார்"னு சொல்லுவார். அவர் பொய் சொல்லணும்னு அவசியமே இல்லை. அவருக்கே தெரியாம இருக்கலாம்.

டர்போ இல்லாத கார்ல இது இவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. டர்போ கார்ல பூஸ்ட் ஏற ஏற, இன்ஜெக்டருக்கு வர்ற பெட்ரோல் பிரஷரும் அதே அளவுக்கு ஏறணும். சாதாரணமா 3 பார்னு வைங்க. பூஸ்ட் 1 பார் வந்தா 4 பார் வேணும். இல்லைன்னா உள்ள இருக்கிற காத்தழுத்தத்தைத் தாண்டி இன்ஜெக்டரால தேவையான அளவு தெளிக்க முடியாது.

உங்க அபார்ட்மென்ட் தண்ணி மோட்டாரை நினைச்சுப் பாருங்க. கீழ்வீட்டுக் குழாய்ல நல்லா வரும் தண்ணி, மொட்டை மாடி டேங்குக்குப் போகும்போது மெல்லிசாகிடும். லோ வோல்டேஜ் நேரத்துல ஏறவே ஏறாது. ஃப்யூல் பம்பும் அதே மாதிரிதான். பிரஷர் கூடினா அது தள்ளுற அளவு குறையும், வோல்டேஜ் குறைஞ்சா இன்னும் குறையும். அதாவது இன்ஜினுக்கு அதிகமா பெட்ரோல் வேணும்கிற அதே நேரத்துலதான் பம்புக்குத் தள்ளுறது கஷ்டம்.

பெட்ரோல் குறைஞ்சா என்ன ஆகும்?

முழுசா எரியிறதுக்குக் கணக்கு 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெட்ரோல். ஆனா பூஸ்ட்ல இருக்கும்போது பொதுவா 11.5, 12 பங்கு காத்துக்கே 1 பங்கு பெட்ரோல் கொடுப்பாங்க. கூடுதலா போற பெட்ரோல் உள்ள ஆவியாகிச் சூட்டைக் குறைக்குது. அந்தக் கூடுதல் கிடைக்கலைன்னா சூடு ஏறும், நாக்கிங் வரும். கலவை நேரம் கெட்டு தானா வெடிக்கிறதைத்தான் நாக்கிங்னு சொல்றோம். பெரிய பூஸ்ட்ல அது பிஸ்டனை உடைச்சிடும், இல்லை உருக்கிடும். சில நொடியே போதும். ஒரு பம்போட விலைக்கும் ஒரு இன்ஜின் பிரிச்சுக் கட்டுற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

பெரிய பம்ப் போட்டா போதுமா?

இன்டர்நெட்ல எல்லாரும் சொல்ற பதில், "மணிக்கு 255 லிட்டர் பம்ப் போடு ப்ரோ". நல்ல பம்ப்தான், ஆனா அந்த 255-ங்கிற எண் ஒரு குறிப்பிட்ட பிரஷர்லயும் வோல்டேஜ்லயும் மட்டும் உண்மை. முப்பது வருஷ வயர், கருகின கனெக்டர் வழியா 11 வோல்ட் மட்டும் போய்ச் சேர்ந்தா, புது பம்பும் பழசு மாதிரியேதான் வேலை செய்யும். அதனால பம்ப் மாத்தும்போது பம்போட முனையிலேயே வோல்டேஜ் அளந்து பாருங்க.

சூப்ராவுல பம்புக்குன்னே தனி கன்ட்ரோல் பெட்டி இருக்கு. லோடு கம்மியா இருக்கும்போது வோல்டேஜைக் குறைச்சு, மிதிக்கும்போது முழுசா கொடுக்கும். சிலர் அதைத் தூக்கிட்டு, பேட்டரியிலிருந்து நேரா ரிலேயும் ஃப்யூஸும் வெச்சு இழுப்பாங்க. செய்யலாம். ஆனா ஒரு விஷயத்துல நான் பிடிவாதமா இருப்பேன்: அந்த ரிலேயை இயக்குற சிக்னல் காரோட ஒரிஜினல் சர்க்யூட்டிலிருந்தே வரணும். ஆக்ஸிடென்ட்ல இன்ஜின் நின்னா பம்பும் நிக்கணும். சாவி ஆன்ல இருக்கிற வரைக்கும் ஓடுற மாதிரி வயர் போட்டா, அறுந்த பைப் வழியா பெட்ரோலைக் கொட்டிட்டே இருக்கும்.

அடுத்தது ஹோஸ். டேங்குக்குள்ள பம்பையும் மேல இருக்கிற பைப்பையும் இணைக்கிற சின்ன ஹோஸ் ஒண்ணு இருக்கும். கடையில கிடைக்கிற சாதாரண ஃப்யூல் ஹோஸ், உள்பக்கம் பெட்ரோல் போறதுக்குத்தான். வெளிப்பக்கமும் பெட்ரோல்ல ஊறினா உப்பி, பிஞ்சிடும். முங்கிக் கிடக்கிறதுக்குன்னே எஸ்ஏஇ ஜே30 ஆர்10-ன்னு ஒரு தரம் இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்க. கூடவே பம்புக்கு அடியில இருக்கிற வலை, ஃப்யூல் ஃபில்டர், மூடியோட ரப்பர் சீல் எல்லாத்தையும் புதுசா போடுங்க. டேங்குக்குள்ள துரு இருந்தா முதல்ல அதைச் சுத்தம் பண்ணணும். இல்லைன்னா புது பம்பும் அந்தத் துருவையேதான் தின்னும். இன்னொண்ணு, பேர்போன பம்புகளுக்கு நிறைய போலி வருது. விலை ரொம்பக் கம்மின்னா சந்தேகப்படுங்க.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

இது ஆயில் மாத்துற மாதிரி வேலை இல்லை. பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம், தரையோட படர்ந்து தூரத்துல இருக்கிற பொறிகிட்ட வரைக்கும் போகும். அதனால:

- டேங்க்ல பெட்ரோல் கால்வாசிக்கும் கீழ இருக்கட்டும். திறந்த வெளியில செய்யுங்க, பேஸ்மென்ட் பார்க்கிங் வேண்டவே வேண்டாம்.
- பம்ப் ஃப்யூஸைக் கழட்டிட்டு இன்ஜினை ஓடவிடுங்க. தானா நிக்கும்போது லைன்ல இருக்கிற பிரஷர் இறங்கியிருக்கும்.
- இன்ஜின் ஆறினதும் பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க.
- தீயணைப்பான் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். குண்டு பல்பு விளக்கு பக்கத்துலயே வரக்கூடாது.

இதுல எதையாவது செய்ய வசதி இல்லைன்னா மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.

வேலை முடிஞ்சுதுன்னு எப்போ சொல்லலாம்?

கார் ஸ்டார்ட் ஆனதும் இல்லை. பூஸ்ட் ஏறும்போது பிரஷரும் கூடவே ஏறுதான்னு கேஜ் வெச்சுப் பார்க்கணும், வைட்பேண்ட் சென்சார்ல கலவையைப் பார்க்கணும். இதை டைனோவுலதான் செய்யணும், ரோட்டுல வேண்டாம். பிரஷர் ஏறாம நின்னாலோ இறங்கினாலோ உடனே காலை எடுத்துடுங்க.

"என்கிட்ட சூப்ரா இல்லையே ப்ரோ"ன்னு சொல்றவங்களுக்கும் ரெண்டு விஷயம். டேங்குக்குள்ள பம்ப் இருக்கிற எந்தக் கார்லயும் அந்தப் பம்பைக் குளிர வைக்கிறது பெட்ரோல்தான். எப்பவும் ரிசர்வ்லயே ஓட்டினா அதோட ஆயுசு குறையும். ரெண்டாவது, இப்போ நம்ம பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலை மனசுல வெச்சுச் செய்யாத பழைய ரப்பர் ஹோஸை அது இறுக்கமாக்கும், வெடிக்க வைக்கும். உங்க வீட்டுல பழைய கார் இருந்தா இந்த வாரமே ஹோஸை விரலால அழுத்திப் பாருங்க. விரிசல், ஈரம், பெட்ரோல் வாசம் எது இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க.

பழைய டர்போ கார் வாங்கப் போறவங்க கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "பூஸ்ட்ல ஃப்யூல் பிரஷர் எவ்வளவு வருது, அளந்தீங்களா?" பதில் இல்லைன்னா நீங்களே அளக்கிற வரைக்கும் மெதுவா ஓட்டுங்க. அடுத்த எபிசோட்ல கூலிங் சிஸ்டம். அதுவரைக்கும் பத்திரமா ஓட்டுங்க, மக்களே.