எண்ணெய் உறையும் மாதத்தில் எடுக்கும் தீர்மானங்கள்

தமிழ்நாட்டுச் சமவெளியில் குளிர் வந்துவிட்டதை வானிலை அறிக்கைக்கு முன்பே சொல்லிவிடுவது தேங்காய் எண்ணெய்ப் புட்டிதான். வெப்பநிலை 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். சென்னையில் ஜனவரி மாத விடியற்காலை சராசரியாக 21 டிகிரியை ஒட்டி இருக்கும். எனவே மார்கழி பிறந்ததும் புட்டியைத் தட்டுவது, கரண்டிக் காம்பால் குடைவது, வெந்நீர்ச் சொம்பில் நிறுத்திவைப்பது என்று பல வீடுகளின் காலைப்பொழுது தொடங்குகிறது. வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடிக்க, கையில் சீப்போடு நிற்கும் அம்மாவுக்கு அந்த நேரத்தில் இதைவிடப் பெரிய குளிர்காலப் பிரச்சினை கிடையாது.

21 டிகிரிக்கே மப்ளரும் குரங்குக்குல்லாவும் போடும் அப்பாவைப் பார்த்து, டெல்லியிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் சிரிப்பான். ஊட்டிக்காரர்களுக்கும் சிரிப்புதான் வரும். அங்கே தலைக்குந்தா பக்கம் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் உறைபனி விழுந்து புல்வெளி உப்புத் தூவியதுபோல் கிடக்கும்.

சமவெளியில் குளிர் அதிகம் படுத்துவது அடுப்படியைத்தான். தோசை மாவு புளிக்க மறுக்கிறது. மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிரிகளுக்கு 30 டிகிரி அளவிலான வெதுவெதுப்பு வேண்டும். சித்திரையில் ஏழெட்டு மணி நேரத்தில் பொங்கி வழியும் மாவு, மார்கழியில் விடிந்து பார்த்தால் அரைத்த மட்டத்திலேயே அசையாமல் இருக்கும். அதற்குத் தெருவுக்கொரு வைத்தியம் உண்டு. உளுந்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைப்பவர்கள் உண்டு. அரிசிப் பானைக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கிவைப்பவர்களும், சமையல் முடிந்த அடுப்பை ஒட்டி வைத்துத் துணி போர்த்துபவர்களும் உண்டு. தயிருக்கும் இதே உபசாரம்தான். உறைமோரைக் கொஞ்சம் கூட்டி, பாலை ஹாட்பேக்கில் ஊற்றி மூடிவிடுகிறார்கள். இத்தனைக்கும் பிறகும் ஒருநாள் மாவு ஏமாற்றிவிடும். அன்று காலை உப்புமா.

இந்த நேரம் பார்த்துத்தான் விருந்தாளிகள் வருவார்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து, டிசம்பர் 24 வாக்கில் பள்ளிகளுக்கு விடுமுறை தொடங்கும். புத்தாண்டை ஒட்டித் திறந்துவிடுவார்கள். கோடை விடுமுறையைப் போல் ஆற அமர இருக்க முடியாது. போன வேகத்தில் திரும்ப வேண்டிய விடுமுறை இது. கிராமத்துக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். அத்தை வீடு, மாமா வீடு என்று சென்னைக்கோ கோவைக்கோ வருகிறவர்கள் இன்னொரு பக்கம். அடுத்த இரண்டு வாரத்தில் பொங்கல் வந்துவிடும். பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று தொடர்ச்சியாக மூன்று அரசு விடுமுறைகள். அந்தப் பயணத்துக்கான ஆயத்தம் நவம்பரிலேயே தொடங்கியாக வேண்டும். ரயில் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாக ரயில்வே குறைத்தது 2024 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜனவரி 14-ஆம் தேதி பயணத்துக்கு நவம்பர் 15 காலை 8 மணிக்குக் கணினி முன் உட்கார வேண்டும். நெல்லை, பொதிகை, முத்துநகர், பாண்டியன் என்று எந்த ரயிலைத் தொட்டாலும் சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியல் வந்து நிற்கும். கிடைக்காதவர்களுக்குக் கிளாம்பாக்கத்தில் சிறப்புப் பேருந்து.

வந்து சேர்ந்தபின் வீடு தன் இயல்பான அளவைவிட இரண்டு மடங்கு மனிதர்களைத் தாங்குகிறது. கூடத்தில் ஜமுக்காளம் விரித்து வரிசையாகப் படுக்கை. போர்வை எப்போதும் ஒன்று குறையும். குளியலறை வாசலில் துண்டோடு வரிசை, ‘கீசரை அணைச்சியா இல்லையா’ என்ற சத்தம். கிறிஸ்துமஸ் கொண்டாடும் கன்னியாகுமரி மாவட்ட வீடுகளில் முந்திரிக்கொத்துக்கும் அச்சுமுறுக்கிற்கும் அம்மாக்கள் அடுப்படியில் நிற்பார்கள். பிள்ளைகள் குடில் கட்ட வைக்கோலும் மணலும் சேர்ப்பார்கள். நெல்லைப் பக்கம் தை பிறக்கும்போது சிறுகிழங்கு, தூத்துக்குடிப் பக்கம் கட்டுக்கட்டாகப் பனங்கிழங்கு. கிழங்கைத் தோலுரித்து, நடு நரம்பை உருவிப்போட்டு, நாரையும் கிழித்துக் கொடுக்க ஓர் ஆச்சி தேவை. பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இந்தக் கலகலப்புக்கெல்லாம் உழைக்கிறவர் யார் என்று கேட்பது நாகரிகமில்லைதான். என்றாலும் கணக்கு இருக்கிறது. 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அது சாதாரண நாள் கணக்கு. எட்டுப் பேர் கூடுதலாக வந்திறங்கிய வீட்டில் அந்த 299 எங்கே போய் நிற்கும் என்பதை அவரவர் வீட்டு அடுப்படியில் பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டமும் குளிரும் சேர்ந்த இந்த நாட்களில்தான் டைரியும் காலண்டரும் கைக்கு வருகின்றன. அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களைச் சிவகாசி அச்சகங்கள் ஆடிப்பெருக்கு அன்றே வெளியிட்டுவிடும். நம் கைக்கு வர டிசம்பர் ஆகிறது. ஓசி டைரியின் முதல் பக்கத்தில் தீர்மானங்கள் ஏறுகின்றன. நடைப்பயிற்சி, எடைக் குறைப்பு, சேமிப்பு, சிகரெட்டை விடுவது, செல்போனைக் குறைப்பது. இரண்டாம் வாரத்துக்குப் பிறகு அதே டைரியில் பால் கணக்கு ஏறும்.

இதில் மன உறுதியைக் குறைசொல்வது வழக்கம். பாதிக் குற்றம் நாள்காட்டியின் மேல் என்றே சொல்ல வேண்டும். ஜனவரி 1-ஐ ஆண்டின் தொடக்கமாக வைத்த நாட்காட்டியை ஜூலியஸ் சீசர் கி.மு. 45-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது அவர் முன் சர்க்கரைப் பொங்கல் இல்லை. இனிப்பைத் தொடமாட்டேன் என்று ஜனவரி 1-இல் சொன்னவர் இரண்டே வாரத்தில் மாமியார் வீட்டு இலைக்கு முன்னால் உட்கார வேண்டும். தலைப்பொங்கல் மாப்பிள்ளை என்றால் தப்பிக்க வழியே இல்லை. சேமிப்புத் தீர்மானம் எடுத்த அண்ணன் அதே பதினைந்து நாளில் தங்கை வீட்டுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோயாக வேண்டும்.

ஆய்வாளர்கள் சொல்வதிலும் கொஞ்சம் ஆறுதல் இருக்கிறது. ஸ்வீடனில் 1,066 பேரின் புத்தாண்டுத் தீர்மானங்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வில், 55 சதவீதம் பேர் ஓரளவு வென்றதாகவே சொன்னார்கள். ‘இதைச் செய்வேன்’ என்று தொடங்கியவர்களில் 59 சதவீதம் பேரும், ‘இதை விட்டுவிடுவேன்’ என்றவர்களில் 47 சதவீதம் பேரும் தேறினார்கள். ‘இனிப்பை நிறுத்துவேன்’ என்பதைவிட ‘சாயங்காலம் ஒரு கொய்யாப்பழம் தின்பேன்’ என்பது நீடிக்க வாய்ப்பு அதிகம். லண்டனில் 96 பேரை வைத்து ஃபிலிப்பா லாலி குழுவினர் செய்து 2009-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆவதாகக் கணித்தது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள் வரை விரிந்தது. ஜனவரி 1-இல் தொடங்கினால் 66-ஆம் நாள் மார்ச் முதல் வாரம். பொங்கலோடு கைவிட்டவர் கால்வாசித் தூரம்கூட நடக்கவில்லை.

இந்த ஆய்வுகளைப் படித்தபின் மார்கழியைப் பார்த்தால் அதன் சாமர்த்தியம் புரிகிறது. திருப்பாவையில் முப்பது பாடல். திருவெம்பாவையின் இருபதோடு திருப்பள்ளியெழுச்சியின் பத்தைச் சேர்த்தால் அதுவும் முப்பது. நாளுக்கு ஒன்று, கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். எழ வேண்டிய நேரம் முடிவாகியிருக்கிறது. போகும் இடம் தெருமுனைக் கோயில். எழுப்பிவிடக் கோயில் ஒலிபெருக்கி இருக்கிறது. அது வேண்டாதவர்களையும் எழுப்பிவிடும் என்பது வேறு விஷயம். கூடவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். கடைசியில் தொன்னையில் நெய் ஒழுகும் வெண்பொங்கல். பக்தி எவ்வளவு, பொங்கல் எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. வாசலில் கோலம் போடும் பெண்களுக்கும் இதே அமைப்புதான். நேற்று எதிர்வீட்டில் பதினைந்து புள்ளிக் கோலம் என்றால் இன்று இங்கே பதினேழு.

சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் இன்னொரு பாடம். பெட்டிக்கடையில் தினம் இரண்டு பாக்கெட் வாங்கியவர் 41 நாள் சிகரெட்டைத் தொடாமல் இருக்கிறார். கறுப்பு வேட்டியும் கழுத்து மாலையும் ‘சாமி’ என்ற அழைப்பும் சேர்ந்து அவரைக் காவல் காக்கின்றன. மாலையைக் கழற்றிய மறுநாளே அப்படிப்பட்டவர்களில் பலர் அதே கடையில் நிற்பதையும் ஊரே பார்க்கிறது. அப்படியென்றால் மாலை கழற்றும் நாளுக்கு முன்பே அடுத்த காவலுக்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது: டீக்கடையை மாற்றுவது, சாப்பிட்டதும் நடக்கப் போவது, வீட்டில் ஒருவரைக் கணக்கெடுக்கச் சொல்வது.

புராட்டஸ்டன்ட் தேவாலயங்களில் வேறு மாதிரி. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து திரும்பும் குடும்பங்களின் கையில் வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டை இருக்கும். அங்கே புத்தாண்டு ஒரு வாக்கைப் பெற்றுக்கொள்வதோடு தொடங்குகிறது. அட்டை ஆண்டு முழுக்கப் பீரோக் கண்ணாடியிலோ பைபிளுக்குள்ளோ இருக்கும்.

ஆகவே தீர்மானம் எடுத்தே தீருவேன் என்பவர்கள் காணும் பொங்கல் முடியும்வரை பொறுத்துக்கொள்ளலாம். சொந்தங்களைப் பார்த்துவிட்டு வந்து, கரும்புச் சக்கையைப் பெருக்கித் தள்ளி, ஊர்ப் பைகளைப் பரணில் ஏற்றியபின் தொடங்கினால் அடுத்த பெரிய விருந்து சித்திரை வருஷப்பிறப்புக்குத்தான். ஏறக்குறைய மூன்று மாத இடைவெளி கிடைக்கும். அந்த 299-க்கும் 97-க்கும் நடுவே ஏதாவது செய்ய நினைக்கும் ஆண்களுக்கு மாவு அரைப்பது ஏற்ற வேலை. வாரத்துக்கு இரண்டு முறை, நாளும் நேரமும் குறித்தது, செய்யத் தவறினால் மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும்.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உள்ள வீடுகள் மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு. மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே தீர்மானம்தான், அதையும் பள்ளிக்கூடம் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. தொலைக்காட்சிச் சத்தம் குறைகிறது. அம்மா ஐந்து மணிக்கே எழுந்து ஹார்லிக்ஸ் ஆற்றுகிறார். ஊருக்குப் போவதா வேண்டாமா என்ற விவாதம் கார்த்திகையிலேயே தொடங்கி, கடைசியில் அப்பா மட்டும் பொங்கலுக்கு முந்தின இரவு பஸ் ஏறி, அத்தை வீட்டில் சீரைக் கொடுத்து, ஒருவாய் சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுகிறார். ‘பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலையா?’ என்று அத்தை ஒருமுறைதான் கேட்பார். அவர் வீட்டில் அடுத்த ஆண்டு பிளஸ் டூ.