வாடாமல் நின்ற செடி

இடம்பெயர்ந்த குடும்பங்கள் தாம் இழந்தவற்றை எண்ணும்போது வீட்டையும் கிணற்றையும் சொல்வார்கள். பானையில் சேமித்து வைத்த விதையைச் சொல்வோர் குறைவு. ஆயினும் மீண்டும் பயிர்செய்யத் தொடங்கும் நாளில் விதைதான் முதற் கேள்வியாகிறது. நோயைத் தாங்கும் விதையை எப்படி இனங்காண்பது? இறுங்குப் பயிரின் வரலாறு ஒன்று இதனை விளக்குகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ், கன்சாஸ் மாநிலங்களில் ‘மைலோ’ எனப்படும் இறுங்கு இனம் பெருமளவில் பயிரிடப்பட்டது. 1920களின் நடுப்பகுதியில் அதனை ஒரு புதிய நோய் தாக்கியது. வேரும் அடித்தண்டும் அழுகின, இலைகள் வாடின, செடிகள் மடிந்தன. ‘பெரிக்கோனியா’ என்ற பங்கசே இதற்குக் காரணம். அது மண்ணில் தங்குவதால், அதே நிலத்தில் மறுபோகம் விதைத்த மைலோவும் அழிந்தது.

ஆனால் செத்த பயிரின் நடுவே சில செடிகள் வாடாமல் நின்றன. அவற்றின் விதையை எடுத்து விதைத்தபோது அவையும் நோயைத் தாங்கின. கன்சாசின் கார்டன் சிற்றியில் இவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டதே ‘ஃபின்னி மைலோ’ இனம்.

அவை ஏன் தப்பின? அந்தப் பங்கசு ஒரு நஞ்சை உண்டாக்குகிறது. குறிப்பிட்ட ஒரு பரம்பரை அலகைக் கொண்ட செடிகளையே அந்த நஞ்சு கொல்லும். அந்த அலகு, செடிகளை நோயிலிருந்து காக்கும் அலகுகளின் வகையைச் சேர்ந்தது என்பதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! ஏறக்குறைய 8,000 இனப்பெருக்கக் கலங்களுக்கு ஒன்றில் இந்த அலகு தானாகவே மாறிச் செயலற்றுப் போகிறது. பெரிய வயல்களில் ஓரிரு செடிகள் தப்பியதன் இரகசியம் இதுவே.

இதிலிருந்து நாம் கைக்கொள்ளக்கூடியவை மூன்று:

1. நோய் கண்ட நிலத்தை முழுதாக உழுதுவிடுமுன் சுற்றிப் பாருங்கள். வாடாத செடிகளுக்கு அடையாளம் கட்டி, அவற்றின் விதையைப் புறம்பாக வையுங்கள்.

2. தப்பிய செடியெல்லாம் நோயைத் தாங்கும் செடியல்ல. நோய் எட்டாமலும் தப்பியிருக்கலாம். ஆகவே அந்த விதையிற் சிறிதளவை நோய் கண்ட இடத்திலேயே விதைத்துச் சோதியுங்கள். மீதியைப் பத்திரப்படுத்துங்கள்.

3. ஒரு நோயைத் தாங்கும் இனம் மற்ற நோய்களையும் தாங்கும் என்று எண்ணாதீர்கள். கதிர் முற்றும்போது மழை பெய்தால் மணிகளில் பூஞ்சணம் பிடிக்கும். அதனைத் தாங்குவது வேறு குணம். துவர்ப்புள்ள செந்நிற மணிகளிலும் விரிந்த கதிர்களிலும் அது கூடுதலாகக் காணப்படும். ஆதலால் ஒரே இனத்தை நம்பாமல் இரண்டு மூன்று இனங்களைப் பேணுங்கள்.

ஐயம் ஏற்பட்டால், நோயுற்ற செடியை வேரோடு பிடுங்கி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். எந்த நோய் என்று தெரிந்தால்தான் எந்த விதை ஏற்றது என்று சொல்ல முடியும். நிலம் இன்னும் கைக்கு வராத குடும்பங்களும் அயலவரின் நல்ல செடியிலிருந்து ஒரு பிடி விதையைக் கேட்டு வாங்கி வைக்கலாம். நிலம் கிடைக்கும் நாளில் அந்த ஒரு பிடி பெரும் உதவியாகும்.