நாய்களுக்கான பச்சை இறைச்சி உணவு

நாய்களுக்கான பச்சை இறைச்சி உணவு என்பது சமைக்காத தசை இறைச்சி, மெல்லக்கூடிய எலும்பு, கல்லீரல் முதலிய உள்ளுறுப்புகள் ஆகியவற்றை உரிய விகிதத்தில் சேர்த்து வளர்ப்பு நாய்களுக்கு அளிக்கும் உணவுமுறை ஆகும். சிலர் இவற்றுடன் முட்டை, மீன், காய்கறி ஆகியவற்றையும் சேர்ப்பதுண்டு. பச்சை இறைச்சியை மட்டும் கொடுத்தால் போதும் என்பது இம்முறை பற்றிப் பரவியுள்ள தவறான கருத்தாகும்.

வரலாறு

நாய்களுக்கென்றே தயாரித்து விற்கப்படும் உணவு 19ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது. 1860களில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் லண்டனில் நாய் பிஸ்கட்டுகளை விற்கத் தொடங்கினார். அதற்கு முன் நாய்கள் வீட்டு மிச்சம், எலும்பு, இறைச்சிக் கழிவு போன்றவற்றை உண்டு வாழ்ந்தன. 1993இல் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் எழுதிய 'கிவ் யுவர் டாக் எ போன்' என்ற நூல் பச்சை இறைச்சி, எலும்பு உணவை மீண்டும் பரவலாக்கியது. இம்முறை 'பார்ஃப்' என்ற சுருக்கப் பெயராலும் அழைக்கப்படுகிறது.

நாயும் ஓநாயும்

நாய் ஓநாய் வழி வந்தது என்பதே இம்முறைக்குச் சொல்லப்படும் முதன்மைக் காரணம். ஆனால் மனிதரோடு வாழ்ந்த காலத்தில் நாயின் செரிமானம் மாறியுள்ளது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேசு நொதிக்கான மரபணு ஓநாயில் 2 படிகளாக இருக்க, நாயில் 4 முதல் 30 படிகள் வரை இருப்பதாக 2013இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. எனவே நன்கு வெந்த சோறு நாய்க்குச் செரிக்காது என்பது சரியன்று. மேலும், ஓநாய் இரையின் தசையை மட்டும் தின்பதில்லை. ஈரல், இதயம், எலும்பு ஆகியவற்றையும் சேர்த்தே தின்கிறது.

தசை இறைச்சி மட்டும் ஏன் போதாது?

எலும்பு நீக்கிய இறைச்சியில் பாஸ்பரசு மிகுதி. கால்சியம் மிகக் குறைவு. நாயின் உணவில் பாஸ்பரசு ஒரு பங்கு எனில் கால்சியம் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை இருக்க வேண்டும். இந்த அளவு கிடைக்காதபோது பாராதைராய்டு சுரப்பிகள் மிகையாக இயங்கி, எலும்பிலிருந்து கால்சியத்தை இரத்தத்திற்கு எடுக்கின்றன. இதனால் வளரும் குட்டிக்கு எலும்பு மெலிந்து, நொண்டல் ஏற்படும்; சிறு குதிப்பில்கூட எலும்பு முறியலாம். வயிறு நிறைய இறைச்சி தின்னும் குட்டிக்கே இந்த நோய் வருவதால் வளர்ப்பவர் காரணத்தை எளிதில் உணர்வதில்லை.

விகிதம்

பொதுவாகப் பின்பற்றப்படும் விகிதம் தசை இறைச்சி 80%, எலும்பு 10%, கல்லீரல் 5%, சிறுநீரகம், மண்ணீரல் போன்ற பிற உள்ளுறுப்பு 5% என்பதாகும். இதயம் உள்ளுறுப்பாகத் தோன்றினாலும் தசையாகவே கணக்கிடப்படும். வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 2 முதல் 3% வரை உணவு தேவை எனக் கொள்வர். இதன்படி 20 கிலோ எடையுள்ள நாய்க்கு 500 கிராம் கொடுத்தால், அதில் தசை 400 கிராம், எலும்பு 50 கிராம், கல்லீரல் 25 கிராம், பிற உள்ளுறுப்பு 25 கிராம் இருக்கும்.

இந்த விகிதம் ஒரு தொடக்கம் மட்டுமே. துத்தநாகம், மாங்கனீசு, அயோடின், வைட்டமின் ஈ, வைட்டமின் டி ஆகியவை இதில் குறைவுபடலாம். வைட்டமின் டி-யை நாயின் தோல் வெயிலில் போதிய அளவு உருவாக்காது. உணவிலிருந்தே பெற வேண்டும். ஒரே இறைச்சியைத் தொடர்ந்து கொடுக்காமல் கோழி, ஆடு, மாடு, மீன், முட்டை என மாற்றிக் கொடுப்பது குறைகளை ஓரளவு ஈடுசெய்யும். அதே சமயம் கல்லீரலை மிகுதியாகக் கொடுத்தால் வைட்டமின் ஏ தேங்கி எலும்பைப் பாதிக்கும். சிலவகை மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால் அவற்றிலுள்ள தயமினேசு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும்.

நோய் அபாயம்

பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா, லிஸ்டீரியா, ஈ. கோலை முதலிய பாக்டீரியாக்கள் இருக்கலாம். நாய் நோயுறாமலே இவற்றை மலத்தின் வழி வெளியேற்றக்கூடும் என்பதால் வீட்டிலுள்ள குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இல் சமைக்காத இறைச்சியை வளர்ப்பு விலங்குகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்ற நிலைப்பாட்டை எடுத்தது.

நீர்க்கட்டிகள் உள்ள ஆடு, மாடுகளின் ஈரலையோ நுரையீரலையோ பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் எக்கைனோகாக்கசு நாடாப்புழு வளரும். அதன் முட்டைகள் மனித உடலுக்குள் சென்றால் கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி நோய் உண்டாகும். இறைச்சியைப் பல நாள் உறையவைத்தால் ஒட்டுண்ணிகள் பல மடியும். ஆனால் பாக்டீரியாக்கள் பிழைத்திருக்கும்.

கவனிக்க வேண்டியவை

* சமைத்த எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் கிழிக்கலாம். அதைக் கொடுக்கக் கூடாது. பச்சை எலும்பும் பல்லை உடைக்கலாம், தொண்டையில் சிக்கலாம்.
* வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு.
* இறைச்சி பட்ட பலகை, கத்தி, உணவுத் தட்டு, கை ஆகியவற்றைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். மிஞ்சிய உணவை வெளியில் விட்டுவைக்கக் கூடாது.
* குட்டி, கருவுற்ற நாய், சிறுநீரக நோயுள்ள நாய் ஆகியவற்றின் உணவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே மாற்ற வேண்டும்.

நோய் அபாயத்தைத் தவிர்க்க விரும்புவோர் இறைச்சியையும் ஈரலையும் வேகவைத்து, எலும்புக்குப் பதிலாக நன்கு பொடித்த முட்டை ஓட்டுத் தூள் போன்ற கால்சியம் மூலத்தை அளவறிந்து சேர்க்கலாம். சமைத்தாலும் சமைக்காவிட்டாலும் கால்சியமும் பிற சத்துகளும் உரிய அளவில் அமைந்தால்தான் அது நாய்க்கு முழு உணவாகும்.